டீஸல் காரின் சிக்கனக் கணக்கு

தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டை நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றால் மறைமலை நகர் வருகிறது. தனித்தமிழுக்காக வாழ்ந்த மறைமலையடிகளின் பெயரைத் தாங்கிய அந்த ஊரிலே, ஃபோர்டு என்னும் அமெரிக்க நிறுவனம் 1999ஆம் ஆண்டு தொடங்கி 2022ஆம் ஆண்டு வரையில் கார்களைச் செய்து வந்தது. அவற்றுள் ஒன்றுக்கு எக்கோஸ்போர்ட் என்று பெயர். அடிகளார் கேட்டிருந்தால் அதற்கு வேறொரு பெயர் சூட்டாமல் விட்டிருக்க மாட்டார். அது கிடக்கட்டும். அந்தக் காரைப் பற்றிய ஒரு செய்திதான் இன்றைய பேச்சுக்கு எனக்கு வித்தாக அமைந்தது.

எக்கோஸ்போர்ட் 2013ஆம் ஆண்டில் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. பெட்ரோல் எஞ்சின் பூட்டியது, ஒன்றரை லிட்டர் அளவுள்ள டீஸல் எஞ்சின் பூட்டியது என இரு வகையாகவும் அதை வாங்கலாம். டீஸல் வண்டி ஒரு லிட்டருக்கு 22.7 கிலோமீட்டர் ஓடும் என்பது அரசாங்கம் ஒப்புக்கொண்ட சோதனைக் கணக்கு. பின்னர் 2018ஆம் ஆண்டில் இதே கார் மறைமலை நகரிலிருந்து கப்பலேறி அமெரிக்காவுக்கும் சென்றது. ஆனால் அங்கே சென்ற வண்டிகளில் ஒன்றிலாவது டீஸல் எஞ்சின் இல்லை. எல்லாம் பெட்ரோல் வண்டிகளே. அவற்றுள் சிறிய எஞ்சின் கொண்டது ஒரு காலனுக்கு 28 மைல் ஓடும் என்று அமெரிக்க அரசாங்கத்தின் சீட்டு சொல்லிற்று. அமெரிக்கக் காலன் என்பது 3.785 லிட்டர். கணக்கிட்டுப் பார்த்தால் லிட்டருக்கு 12 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு.

இரு நாட்டுச் சோதனை முறைகளும் வேறு வேறு. அமெரிக்கச் சோதனை சற்றுக் கடுமையானது. நம் நாட்டுச் சோதனைக் கணக்கை எந்தக் காரும் நம் தெருவில் எட்டியதில்லை என்பது காரோட்டுகிறவர்கள் அனைவரும் அறிந்ததே. ஆகவே 22.7ஐயும் 12ஐயும் நேருக்கு நேர் நிறுத்தி ஒப்பிடுவது முறையன்று. ஆயினும் ஒரு கேள்வி எழத்தான் செய்கிறது. சிக்கனமான எஞ்சின் ஒன்று தன் தொழிற்சாலையிலேயே ஆயத்தமாக இருக்கும்போது, ஓர் அமெரிக்க நிறுவனம் அதைத் தன் சொந்த நாட்டு மக்களுக்கு ஏன் கொடுக்கவில்லை? சிக்கனம் அங்கே கசக்குமா?

இதற்கு விடை காண முதலில் அந்த எஞ்சினையே சற்றுத் திறந்து பார்ப்போம்.

சைக்கிளுக்குக் காற்றடித்தவர்கள் எல்லோரும் பம்பின் அடிப்பாகம் சுடுவதை உணர்ந்திருப்பார்கள். காற்றை அழுத்தினால் அது சூடாகும். பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக அழுத்தி, மின்பொறி கொண்டு கொளுத்துகிறார்கள். டீஸல் எஞ்சினில் மின்பொறி கிடையாது. காற்றை மட்டும் பதினாறில் ஒரு பங்கு, சிலவற்றில் இருபதில் ஒரு பங்கு என்ற அளவுக்கு நெருக்கி அழுத்துகிறார்கள். அந்தக் காற்று 500 பாகை சென்டிகிரேடுக்கும் மேல் கொதிக்கும்போது அதனுள்ளே எண்ணெயைப் பீச்சுகிறார்கள். எண்ணெய் தானே பற்றிக்கொள்ளுகிறது. அழுத்தம் எவ்வளவு மிகுதியோ, அவ்வளவுக்கு எரிந்த வாயு விரியும்போது வேலையாக மாறும் பங்கும் மிகுதி. ருடால்ஃப் டீஸல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் இதைத்தான் கண்டு சொன்னார். 1897ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய எஞ்சினைச் சோதித்தபோது, எண்ணெயின் சக்தியில் நூற்றுக்கு 26 பங்கு வேலையாக வெளிவந்தது. அக்காலத்து நீராவி எஞ்சின்கள் நூற்றுக்குப் பத்தைத் தொடவே திணறின.

இன்னொரு நன்மையும் உண்டு. நகரத்துக்குள் காரோட்டுகிறவர்களுக்கு அதுதான் பெரிது. பெட்ரோல் எஞ்சினை மெதுவாக ஓட்டவேண்டுமானால் அது மூச்சிழுக்கும் வழியை ஒரு கதவால் அடைக்கவேண்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடுவது போன்ற அந்த முயற்சியிலேயே கொஞ்சம் எண்ணெய் வீணாகிறது. டீஸல் எஞ்சினோ தாராளமாக மூச்சிழுக்கும். எண்ணெயின் அளவை மட்டும் குறைத்துக்கொள்ளும். பெருங்களத்தூரில் வண்டிகள் நின்று நின்று நகரும் மாலை வேளையில், எந்த எஞ்சின் வீணாக எண்ணெய் குடிக்கிறது, எது குடிப்பதில்லை என்பதற்கு இதுவே காரணம்.

இவையெல்லாம் டீஸல் எஞ்சின் தன் திறமையால் ஈட்டியவை. ஆனால் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று நாம் சொல்லும் கணக்கில், அது ஈட்டாத ஒன்றும் மறைந்திருக்கிறது. நாம் எண்ணெயை நிறுத்து வாங்குவதில்லை, அளந்து வாங்குகிறோம். ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 740 கிராம் எடையுள்ளது. ஒரு லிட்டர் டீஸலோ 830 கிராம். ஒரே படியில் பொரியும் அரிசியும் அளப்பது போன்ற வேறுபாடு அன்று என்றாலும், நூற்றுக்குப் பன்னிரண்டு என்பது சிறிய வேறுபாடும் அன்று. ஏறக்குறைய ஒரே அளவுள்ள இரு கார்களில் பெட்ரோல் கார் 15 கிலோமீட்டரும் டீஸல் கார் 20 கிலோமீட்டரும் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். மூன்றில் ஒரு பங்கு ஆதாயம் என்று மகிழுகிறோம். எடையைக் கணக்கில் கொண்டால் எஞ்சினின் உண்மையான ஆதாயம் நூற்றுக்கு 19தான். மற்றது லிட்டரின் கனத்தால் வந்தது. புகையிலும் இதே கணக்குத்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.31 கிலோகிராம் கரியமில வாயு உண்டாகும். டீஸல் எரிந்தால் 2.68 கிலோகிராம். ஆகவே முன்சொன்ன இரு கார்களில் பெட்ரோல் கார் கிலோமீட்டருக்கு 154 கிராமும் டீஸல் கார் 134 கிராமும் வெளியிடுகின்றன. வேறுபாடு உண்டு. ஆனால் விளம்பரத்தில் தோன்றிய அளவுக்கு இல்லை.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே டீஸல் காரை யாரும் முயன்று பார்க்கவில்லை என்பதில்லை. 1973ஆம் ஆண்டில் அராபிய நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது அமெரிக்கர்கள் பெட்ரோல் கடைகளில் வரிசையில் நின்றார்கள். 1975ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் கார்களின் சராசரி, 1978இல் காலனுக்கு 18 மைலாகவும் 1985இல் 27.5 மைலாகவும் இருக்கவேண்டும் என்று அது விதித்தது. படகு போன்ற பெரிய கார்களைச் செய்து பழகிய ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அவசரமாக ஒரு வழி தேடிற்று. அதன் ஓல்ட்ஸ்மொபீல் பிரிவு, தன்னிடமிருந்த 5.7 லிட்டர் பெட்ரோல் எஞ்சினின் அமைப்பை அடிப்படையாகக் கொண்டு ஒரு டீஸல் எஞ்சினைச் செய்து 1978ஆம் ஆண்டு வண்டிகளில் பூட்டியது. அடிப்பகுதியை வலுப்படுத்தினார்கள். ஆனால் தலைப்பகுதியைப் பிணைக்கும் மரையாணிகளைப் பெட்ரோல் எஞ்சினின் அளவிலேயே விட்டுவிட்டார்கள். இருமடங்கு அழுத்தத்தை அவை எத்தனை நாள் தாங்கும்? ஆணிகள் நீண்டன, இடைத்தகடுகள் விட்டுக்கொடுத்தன, தண்ணீர் உள்ளே கசிந்தது. எண்ணெயில் கலந்த நீரைப் பிரிக்கும் கருவியையும் வைக்கவில்லை. 1981ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்ற கார்களில் நூற்றுக்கு ஆறு அளவுக்கு டீஸல் கார்கள் இருந்தன. பெட்ரோல் விலை இறங்கியவுடன் அந்த ஆறும் கரைந்தது. 1985ஆம் ஆண்டோடு அந்த எஞ்சினும் நின்றது. வெறுப்பு மட்டும் நின்றது என்று சொல்லலாம். அடுத்த தலைமுறை அமெரிக்கருக்கு டீஸல் கார் என்றாலே பழுதான கார் என்று பொருளாயிற்று.

ஆனால் கெட்ட பெயர் மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. வரி ஒரு காரணம். அமெரிக்க மத்திய அரசாங்கம் 1993ஆம் ஆண்டு முதல் பெட்ரோலுக்குக் காலனுக்கு 18.4 சென்டும், டீஸலுக்கு 24.4 சென்டும் வரி வாங்குகிறது. லாரிகள் சாலையை மிகுதியாகத் தேய்க்கின்றன, ஆகவே அவை குடிக்கும் எண்ணெய்க்கு மிகுதியாக வரி என்பது அவர்கள் நியாயம். நியாயமில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? புகைச் சட்டம் மற்றொரு காரணம். மிகுந்த அழுத்தமும் மிகுந்த சூடும் சேரும் இடத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனே எரிந்து நச்சு வாயுவாகிறது. அதை அமெரிக்கச் சட்டம் மிகக் கடுமையாக வரையறுத்தது. 2015ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், ஃபோக்ஸ்வாகன் என்னும் ஜெர்மானிய நிறுவனம் சோதனைச் சாலையில் மட்டும் யோக்கியமாக நடந்துகொள்ளும்படி தன் டீஸல் கார்களுக்குப் பாடம் கற்றுக்கொடுத்திருந்தது வெளியாயிற்று. சாலையில் ஓடும்போது அவை சட்ட அளவைப்போல் 40 மடங்கு வரையில் நச்சு வாயுவை விட்டன. உலகெங்கும் அப்படிப்பட்ட வண்டிகள் ஒரு கோடியே 10 லட்சம். அதன்பின் அமெரிக்காவில் சிறிய டீஸல் காரை விற்க எந்த நிறுவனம் துணியும்? மறைமலை நகரிலிருந்து கப்பலேறிய காரில் டீஸல் எஞ்சின் இல்லாததன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

நம் பக்கத்துக் கதை நேர்மாறானது. அமெரிக்கக் காருக்கு டீஸல் எஞ்சின் பூட்டுவதை நாம் ஃபோர்டிடமிருந்து கற்கவில்லை. பிளிமத், டாட்ஜ், செவர்லே என்ற பெரிய அமெரிக்கக் கார்கள் பழையதாகிப் பெட்ரோல் செலவு தாங்க முடியாமற் போனபோது, நம் மெக்கானிக்குகள் அவற்றின் எஞ்சினை இறக்கிவிட்டு டீஸல் எஞ்சினைப் பூட்டி வாடகைக் கார்களாக்கினார்கள். சென்னை செம்பியத்தில் சிம்ப்சன் நிறுவனத்தார் 1950களில் பெர்க்கின்ஸ் டீஸல் எஞ்சின்களைச் செய்யத் தொடங்கியிருந்தது இத்தகைய வேலைக்குப் பெரிய துணை. ஒரு குடும்பமும் அதன் சுற்றமும் சீர்வரிசையும் ஒரே வண்டியில் முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்த காலம் அது. உள்ளே உட்கார்ந்தவர்களின் பற்கள் எஞ்சினோடு சேர்ந்து தாளம் போடும். ஆனால் வாடகை கட்டுப்படியாயிற்று.

பெட்ரோலிலேயே நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு சான்று உண்டு. பெருங்களத்தூர், வண்டலூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற அழகிய சிறு கார் அங்கே பிறந்ததுதான். அந்த நிறுவனம் 1985ஆம் ஆண்டில் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரை வெளியிட்டது. உடல் புதிய ஆங்கில நாகரிகம். எஞ்சின் மட்டும் பழைய வான்கார்டு காரின் வழியில் வந்த ஏறத்தாழ இரண்டு லிட்டர் பெட்ரோல் எஞ்சின். அதே வான்கார்டு காருக்கு இங்கிலாந்தில் 1954ஆம் ஆண்டிலேயே டீஸல் எஞ்சின் பூட்டி விற்றிருந்தார்கள். ஆங்கில நாட்டின் முதல் டீஸல் கார் அது. இங்கேயோ சிக்கனமான சிறு கார்கள் சாலையை நிறைக்கத் தொடங்கிய வேளையில், எண்ணெய் குடிக்கும் பெரிய கார் வந்து நின்றது. 1988ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி நின்றது.

பிறகு வந்த காலத்தை டீஸலின் பொற்காலம் என்று சொல்லலாம். அதற்குக் காரணம் எஞ்சினின் திறமை மட்டும் அன்று. உழவருக்கும் பஸ்ஸுக்கும் லாரிக்குமாக அரசாங்கம் டீஸல் விலையைத் தாழ்த்தி வைத்திருந்தது. அந்த நிழலில் கார் வாங்குகிறவர்களும் வந்து ஒதுங்கினார்கள். 2010ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பெட்ரோல் விலையின் கட்டை அவிழ்த்துவிட்டு, டீஸல் விலையை மட்டும் கட்டி வைத்தார்கள். 2012ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சென்னையில் பெட்ரோல் லிட்டர் ஏறத்தாழ 70 ரூபாய், டீஸல் ஏறத்தாழ 44 ரூபாய். அந்நாளில் விற்ற கார்களில் பாதி அளவுக்கு டீஸல் கார்களாயிருந்ததில் வியப்பென்ன? மறைமலை நகரில் ஃபிகோவும் ஃபியஸ்டாவும் எக்கோஸ்போர்ட்டும் டீஸல் எஞ்சினோடு வெளிவந்துகொண்டிருந்தன. கார்களை ஏற்றிய நீண்ட லாரிகள் வண்டலூர் மேம்பாலத்தருகே வரிசையாகப் போவதை நான் பலமுறை நின்று பார்த்திருக்கிறேன். 2013ஆம் ஆண்டு ஜனவரி முதல் டீஸல் விலையை மாதந்தோறும் ஐம்பது காசு அளவில் ஏற்றி, 2014ஆம் ஆண்டு அக்டோபரில் அந்தக் கட்டையும் அவிழ்த்துவிட்டார்கள். நிழல் சுருங்கிற்று. 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகைச் சட்டம் நாடெங்கும் வந்தது. அதற்கேற்ற கருவிகளைப் பூட்டியதில் டீஸல் காரின் விலை ஏறிற்று. நாட்டில் மிகுதியாகக் கார் விற்கும் மாருதி நிறுவனம் அந்த மாதத்தோடு டீஸல் காரையே விட்டுவிட்டது.

இனி ஒரு குடும்பத்தின் கணக்கு. தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு வேலைக்குச் செல்லும் ஒருவர் நாளொன்றுக்குப் போக வர 30 கிலோமீட்டர் காரோட்டுகிறார். ஆண்டுக்கு 300 நாள் என்றால் 9,000 கிலோமீட்டர். பெட்ரோல் காருக்கு 600 லிட்டர் வேண்டும். டீஸல் காருக்கு 450 லிட்டர் போதும். 2012ஆம் ஆண்டு விலையில் பெட்ரோலுக்கு 42,000 ரூபாய், டீஸலுக்கு 19,800 ரூபாய். மிச்சம் 22,200. 2024ஆம் ஆண்டு மார்ச்சில் சென்னையில் விலை பெட்ரோல் ஏறத்தாழ 101 ரூபாய், டீஸல் ஏறத்தாழ 92 ரூபாய் என்று நின்றது. அந்த விலையில் பெட்ரோலுக்கு 60,600, டீஸலுக்கு 41,400. மிச்சம் 19,200.

பன்னிரண்டு ஆண்டுகளில் மிச்சம் அப்படியொன்றும் குறைந்துவிடவில்லையே என்று நேயர்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் 2012இல் டீஸல் கார் வைத்திருந்தவர், பெட்ரோல் கார்க்காரர் செலவிட்டதில் பாதிக்கும் குறைவாகச் செலவிட்டார். 2024இல் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் செலவிட்டார். 2012இல் டீஸல் காருக்குக் கூடுதலாக ஒரு லட்ச ரூபாய் கொடுத்திருந்தால் நாலரை ஆண்டில் அது திரும்பிவிடும். கூடுதல் விலை ஒன்றரை லட்சமாகிவிட்ட பிறகு ஏறத்தாழ எட்டு ஆண்டு காத்திருக்கவேண்டும். எட்டு ஆண்டில் வண்டியும் கிழடு தட்டும், ஆளும் கிண்டி வேலையை விட்டு ஓய்வு பெற்றிருப்பார்.

ரூபாய்க் கணக்கில் அடங்காத ஒன்றும் இருக்கிறது. டீஸல் புகையினால் நுரையீரலில் புற்றுநோய் உண்டாகிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 2012ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தீர்மானமாகச் சொன்னது. இதைத் தடுக்கத்தான் புதிய டீஸல் கார்களில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி வைத்திருக்கிறார்கள். நல்ல கருவிதான். ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. பிடித்த கரியை அவ்வப்போது எரித்துத் தன்னைத் துப்புரவு செய்துகொள்ள, வண்டி கொஞ்ச நேரம் நிற்காமல் வேகமாக ஓடவேண்டும். திண்டிவனம் சாலையில் ஓடும் வண்டிக்கு அது தானே நடந்துவிடும். சேலையூரிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் கடைத்தெருவுக்கும் மட்டும் போய்வரும் வண்டியில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். நெரிசலில் சிக்கனம் என்று முன்னே சொன்னேன். அந்த நெரிசலே இந்தக் கருவிக்கு ஆகாது. டீஸல் காரின் இயல்பான இடம் நகரத்துக்குள் இல்லை, நெடுஞ்சாலையில்தான் என்று நான் கருதுவதற்கு இதுவே முதற்காரணம்.

மறைமலை நகர்த் தொழிற்சாலை மூடப்படும் என்று 2021ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் அறிவிப்பு வந்தது. 2022ஆம் ஆண்டு நடுவில் கடைசிக் கார் வெளிவந்தது. நிறுவனத்துக்கு இந்தியாவில் நேர்ந்த நஷ்டமே மூடியதற்குக் காரணம். டீஸலைக் காரணம் காட்டுவது தவறாகும். கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்கொளத்தூர் பக்கங்களில் அந்தச் சம்பளத்தை நம்பி வீடு கட்டியவர்கள் எத்தனையோ பேர். 2025ஆம் ஆண்டு அக்டோபரில், அதே இடத்தில் புதிய எஞ்சின்கள் செய்வதற்குத் தமிழ்நாட்டு அரசாங்கத்தோடு ஃபோர்டு நிறுவனம் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. 2029ஆம் ஆண்டில் உற்பத்தி தொடங்கும் என்று அப்போது அறிவித்தார்கள்.

அந்தத் தொழிற்சாலை மூடினாலும் அதில் பிறந்த டீஸல் கார்கள் மறையவில்லை. பழைய கார் விற்கும் இடங்களில் அவை மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கலாமா என்று என்னைக் கேட்பவர்களும் உண்டு. நான் அவர்களிடம் முதலில் காரைப் பற்றிக் கேட்பதில்லை. ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீர்கள் என்றுதான் கேட்பேன். கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் வெளியூர்ச் சவாரி பிடித்து ஆண்டுக்கு 60,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு, 2024ஆம் ஆண்டு விலையில், ஒரு லட்சத்து 28,000 ரூபாய் மிச்சம். அவர் வாங்கலாம். ஓய்வு பெற்று, கோயிலுக்கும் மருத்துவரிடத்துக்கும் பேரன் வீட்டுக்குமாக ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு மிச்சம் 8,500 ரூபாய். எண்ணெய் பீச்சும் ஊசிகளில் ஒன்று பழுதானால் அந்த 8,500ம் ஒரே நாளில் போய்விடும்.